பாடகர் மேடையின் பலகைகள்

தொண்ணூற்று நான்காம் ஆண்டு வசந்தத்தில் நானும் மனைவியும் ஸ்காபரோவில், வோபர்ன் பகுதியில், ஒரு வீட்டின் பேஸ்மென்றுக்குக் குடிபோனோம். மேலே வீட்டுக்கார அம்மையார் தனியாக இருந்தார். அறுபதைத் தாண்டியவர், கணவரை இழந்தவர், ஜேர்மன்காரி என்று வீடு காட்டிய நண்பர் சொல்லியிருந்தார்.

குடிபோன இரண்டாவது கிழமை உடுப்புத் தோய்க்கும் மெஷின் நின்றுவிட்டது. அது எங்கள் பகுதியில்தான் இருந்தது. அம்மையார் இறங்கி வந்து, அதன் மூடியில் இரண்டு தட்டுத் தட்டி, ஜேர்மனில் அதைத் திட்டினார். நான் பின்னால் நின்று, தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும் என்று ஜேர்மனிலேயே சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்துப் படிக்கட்டைத்தான் பார்த்தார்.

யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கட்டட வேலைப் பகுதியில் படம் வரைபவனாக இருந்தேன். எண்பத்து நான்கில் ஜேர்மனிக்குப் போய், ஒரு சிறு நகரத்தின் அகதி விடுதியிலும் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையலறையிலுமாக ஆறு வருடங்கள் இருந்தேன். விடுதியை நாங்கள் எல்லோரும் ‘ஹைம்’ என்றே சொல்வோம். அங்கே அகதி விண்ணப்பம் சரிவரவில்லை. கனடாவுக்கு வந்து ஒரு பிளாஸ்ரிக் ஃபக்ரறியில் சேர்ந்தேன். ஆறு வருடத்து ஜேர்மன் யாருக்கும் தேவைப்படாமல் எனக்குள் கிடந்தது.

அம்மையாரோடு பேசியதெல்லாம் அந்த மொழியில்தான். நினைவில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகவே நிற்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

மறு வருடம் ஆவணி மாதம் அவர் ஒரு சின்னப் புத்தகத்தோடு கீழே வந்தார். சாம்பல் நிற அட்டை, அதில் ஒரு கோபுரத்தின் கோட்டுப் படம். ஜேர்மனியில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் வரலாறு. ஏதோ ஆண்டு விழாவுக்குப் பங்கு மக்கள் வெளியிட்டது.

“உங்களுக்கு வாசிக்கவும் தெரியுமோ?” என்றார்.

“ஓரளவுக்குத் தெரியும்.”

“இதை இங்கிலீசில எழுதித் தரேலுமோ? என்ரை பேரப்பிள்ளையளுக்கு ஜேர்மன் ஒரு சொல்லும் விளங்காது. நான் சின்ன வயசில இருந்த இடம் எண்டு அதுகளுக்குக் காட்டவேணும்.”

ஓம் என்று வாங்கி வைத்தேன். மனைவிக்குச் சிரிப்பு.

“நாங்கள் சைவக்காரர். உங்கடை வேலையைப் பாருங்கோவன். ஜேர்மன்காரற்றை வேதக்கோயில் சரித்திரத்தை இங்கிலீசில எழுதப் போறியள். ஆரும் கேட்டால் நம்பமாட்டினம்.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் மேலே அவருடைய சமையலறை மேசையில் இருந்து எழுதினேன். எழுதியவரைக்கும் வாசித்துக் காட்டுவேன். அவர் உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்பார்.

கோபுரம்தான் ஆகப் பழையது. அடித்தளச் சுவர் ஒரு மனிதன் கை விரித்து நிற்கும் அகலம். கீழே வட்ட வளைவு வைத்த சின்ன ஜன்னல்கள், மேலே போகப் போகக் கூர் வளைவுகள். இடையில் கட்டட முறை மாறிவிட்டது என்பதை ஜன்னல்களை வைத்தே சொல்லலாம். முப்பது வருடம் நடந்த ஒரு மதப் போரில் கோயிலின் உடல் எரிந்து, கோபுரம் மட்டும் தப்பியிருக்கிறது. திரும்பக் கட்டியபோது கல்லில் வளைகூரை போட வசதியில்லாமல் மரத்தால் தட்டையாக அடைத்துவிட்டார்கள். பிறகு வசதி வந்த காலத்தில் முறுக்கிய தூண்களும் பொன்பூச்சும் வைத்த பெரிய பீடம் ஒன்று வந்தது. இரண்டாம் உலகப் போரில் மணிகளை உருக்குவதற்குக் கொண்டுபோனார்கள். அறுபதுகளில் சுவர்ச் சித்திரங்களின் மேல் வெள்ளை அடித்தார்கள்.

கட்டடப் பகுதிகளின் பெயர்கள் என்னை அலைக்கழித்தன. மக்கள் இருக்கும் நடுப்பகுதியை ஜேர்மன்காரர் கப்பல் என்கிறார்கள். நானும் நடுவில் ஒரு கப்பல், இருபுறமும் இரண்டு சிறு கப்பல்கள் என்று ஆங்கிலத்தில் எழுதிப் போய் வாசித்தேன்.

அம்மையார் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்: “உந்தக் கப்பல் எல்லாம் எங்கை போகுது?”

அடுத்த நாள் வேலை முடிந்து நூலகத்துக்குப் போய்க் கட்டடக் கலை அகராதி ஒன்றை எடுத்தேன். ஆங்கிலத்தில் அதற்கு வேறு சொல் இருந்தது. அந்தச் சொல்லும் லத்தீனில் கப்பலிலிருந்துதான் வந்தது என்று அகராதி சொன்னது. அம்மையாருக்கு அதில் பெரிய திருப்தி.

புத்தகத்தின் கடைசியில் கோயிலின் தள வரைபடமும் வெட்டுமுகப் படமும் இருந்தன. பத்து வருடமாக நான் அப்படி ஒரு தாளைத் தொட்டிருக்கவில்லை. ஆங்கிலப் பெயர்கள் போட்டுத் திரும்ப வரைந்து தருகிறேன் என்று நானாகவே கேட்டு எடுத்துக்கொண்டேன். கீழே, சாப்பாட்டு மேசையில் தாளை ஒட்டி வரைந்தபோதுதான் பாடகர் மேடையில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது.

பாடகர் மேடை என்பது கோயிலின் பிரதான வாசலுக்கு மேலே, ஓர்கனும் பாடகர் குழுவும் இருக்கும் மரத்தட்டு. உத்தரங்கள் பழைய ஓக் மரம் என்றும், ஓர்கனுக்குப் பின்புறத்துப் பலகைகள் மட்டும் பிறகு போட்ட பைன் என்றும் படத்தில் குறித்திருந்தது. புத்தகத்தில் அதற்கு மூன்றே வரி. போர் முடிந்த பிறகு சில மாதங்கள் கோயில் வேறு தேவைகளுக்குப் பயன்பட்டது, மேடையின் தளம் சேதமடைந்தது, பின்னர் புதுப்பிக்கப்பட்டது. மழை ஒழுகியோ குண்டு விழுந்தோ பலகை பழுதானால் கீழே உத்தரமும் பழுதாகியிருக்கவேண்டும். உத்தரம் ஒன்றுக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அதை அம்மையாரிடம் சொன்னேன். என்ன மாதிரிச் சேதம் என்று புத்தகம் சொல்லவில்லை, கணக்குச் சரிவரவில்லை என்றேன்.

அவர் என் படத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“சேதமில்லை. நாங்கள் எரிச்சனாங்கள்.”

அன்றுதான் அவர் அந்தப் பங்கைச் சேர்ந்தவரே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய ஊர் கிழக்கே, இப்போது போலந்தாக இருக்கும் பகுதியில். போர் முடிந்ததும் அங்கிருந்த ஜேர்மன்காரரை வெளியேற்றினார்கள். தகப்பன் போரில் காணாமல் போய்விட்டார். தாய், பதினைந்து வயதில் இவர், ஐந்து வயதில் தம்பி, மூவரும் ஒரு கைவண்டியோடு மேற்கே வந்தார்கள். அந்த ஊரில் வீடுகளுக்குள் இடம் கொடுக்க ஒருவரும் விரும்பவில்லை. பதினொரு குடும்பங்களைக் கோயிலுக்குள் விட்டார்கள். தூணுக்குத் தூண் கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டுப் பிரித்துக்கொண்டார்கள். தம்பிக்கு இருமல் என்பதால் இவர்களுக்கு மேலே, ஓர்கனுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. அங்கே ஒரு சின்ன இரும்பு அடுப்பு வைத்து, அதன் புகைக்குழாயை ஜன்னலால் வெளியே விட்டிருந்தார்கள்.

“விறகு பொறுக்கக் காட்டுக்குள்ளை போனால் ஊராக்கள் கலைப்பினம். தை மாதம் அம்மா முதல் பலகையைக் கழட்டினவ. ஆணி கழண்டிருந்த பலகை. ரெண்டு நாளுக்கு எரிக்கக் காணும். பிறகு நான் ஒண்டு கழட்டினன்.”

“ஒருத்தரும் காணேல்லையோ?”

“பங்குச் சுவாமியார் கண்டவர். ஒருநாள் மேலை ஏறி வந்து ஓட்டையைப் பாத்தார். அம்மா எழும்பி நிண்டவ. அவர் ஒண்டும் பேசாமல் இறங்கிப் போட்டார். எங்களைக் கலைக்கப் போறார் எண்டு அம்மா சாமான் கட்டத் தொடங்கிவிட்டா. அடுத்த நாள் மரம் அரியிற வாளும் சுத்தியலும் கொண்டு வந்தார். ‘பலகையை எடுங்கோ. உத்தரத்தை மட்டும் தொடாதேங்கோ. தொட்டால் எல்லாரும் கீழை விழுவியள்’ எண்டார். எப்பிடிக் கழட்டுறது எண்டு அவர்தான் காட்டினவர்.”

நான் தம்பியைப் பற்றிக் கேட்டேன்.

“மாசியில செத்துப் போட்டான். பலகை இன்னும் மிச்சம் இருந்தது.”

கோயிலுக்குப் பின்னால் உள்ள சேமக்காலையில் புதைத்தார்கள். ஜேர்மனியில் புதைகுழி குறித்த காலத்துக்குத்தான். அதன் பிறகு அதே நிலத்தை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குள் இவர் கல்யாணம் செய்து கனடாவுக்கு வந்துவிட்டார். தாயும் இறந்துபோனார். அந்த இடத்தில் இப்போது யாரோ ஒரு குடும்பத்தின் கல் நிற்கிறது.

இதையும் சேர்த்து எழுதட்டோ என்று கேட்டேன்.

“வேண்டாம். அது அந்த ஊர்ச் சனத்தின்ரை புத்தகம். அவையள் எழுதினபடி இருக்கட்டும்.”

நான் வற்புறுத்தவில்லை. மொழிபெயர்ப்பில் இல்லாததைச் சேர்ப்பது சரியுமில்லை. மூன்று வரியையும் உள்ளபடி எழுதினேன்.

அந்த வருடம் ஐப்பசி முடிவில், இராணுவம் நெருங்கியதால், யாழ்ப்பாணத்துச் சனம் ஊரைவிட்டு வெளிக்கிட்டது. என் அக்காவும் குடும்பமும் அதற்குள் இருந்தார்கள். ஐந்து கிழமைக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. நான் வேலைக்குப் போய் வந்தேன். மனைவி தமிழ் வானொலியைப் போட்டபடியே இருந்தாள். மார்கழி தொடக்கத்தில் கொழும்பு வழியாக அக்காவின் கடிதம் வந்தது. மனைவிதான் உடைத்து வாசித்தாள்.

“எல்லாரும் சுகமாம். தென்மராட்சியில ஒரு வேதக்கோயிலுக்குள்ளை இருக்கினமாம். வாங்கில்களை ஒதுக்கிப்போட்டு, சேலை கட்டி மறைச்சு... இஞ்சேருங்கோ, நாப்பது குடும்பமாம்.”

அன்று பின்னேரம் மனைவி மேலே போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இந்தச் செய்தியைச் சொல்லியிருக்கிறாள். அம்மையார் கீழே இறங்கி வந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி:

“அங்கை விறகு இருக்கோ?”

“அது குளிர் இல்லாத இடம். சமைக்க மட்டும்தான் வேணும்.”

“அப்ப பரவாயில்லை,” என்று சொல்லி, வந்த வழியே ஏறிப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் மொழிபெயர்ப்பு விரித்து வைத்திருந்தது.

“சில மாதங்கள் எண்டு போட்டிருக்கு. பதின்மூண்டு மாதம் நாங்கள் இருந்தனாங்கள். அது பிழை. அதை மாத்துங்கோ.”

“அதை நான் மாத்தேலாது. அவையள் எழுதினது. அடியில ஒரு குறிப்பு வேணுமெண்டால் போடலாம்.”

“அப்ப போடுங்கோ. ஆர் சொன்னது எண்டு என்ரை பேரையும் போடுங்கோ.”

ஒரு வரி என்று தொடங்கிய குறிப்பு ஒன்றரைப் பக்கமாக வளர்ந்தது. பதினொரு குடும்பம், கயிறு, போர்வை, அடுப்பு, பலகை, தம்பி. சுவாமியார் வாள் கொண்டுவந்ததை எழுதுவதா விடுவதா என்று மட்டும் நெடுநேரம் யோசித்தார். அது சுவாமியாருக்கு அவமானமாகிவிடுமோ என்று பயம். கடைசியில், அவர் இறந்து எவ்வளவோ காலம், இனி அவரை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எழுதச் சொன்னார்.

ஃபோட்டோக் கொப்பிக் கடையில் பிரதிகள் எடுத்து, சுருள் கம்பி போட்டு, நத்தார் பண்டிகைக்கு மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார். நத்தாருக்கு அடுத்த நாள் அவருடைய மகன் பேஸ்மென்றுக்கு வந்தார். ஸ்ரௌவ்வில் பக்கம் இருப்பவர். அதுவரை என்னோடு வாடகை, பனி அள்ளுவது தவிர வேறு பேசியதில்லை. கதவடியிலேயே நின்று கேட்டார்.

“அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தது உங்களுக்கு எப்போது தெரியும்?”

“புரட்டாசியில்... செப்ரெம்பரில் சொன்னா.”

“எனக்கு நாற்பது வயது. எனக்கு நேற்றுத்தான் தெரியும்.”

குரலில் கோபம் இல்லை. ஆனாலும் அவருக்குரிய ஏதோ ஒன்றை நான் முந்தி எடுத்துவிட்டது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. என் மொழியறிவால் வந்த வினை, அவ்வளவுதான் என்றேன். உள்ளே வரச் சொன்னேன். வந்து இருந்து, மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். நான் வரைந்த படத்தில் அந்தப் பலகைகள் எது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார்.

ஒரு பிரதியை அம்மையார் அந்தப் பங்குக்கும் அனுப்பியிருந்தார். மாசி மாதம் பதில் வந்தது. மிகவும் நன்றி, ஆவணங்களோடு சேர்த்து வைப்போம் என்று மரியாதையான கடிதம். அதோடு சேமக்காலைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். தம்பியின் பெயர் இருந்தது. ஊர் என்ற இடத்தில் ஒரு கோடு. வயது நான்கு.

அம்மையாருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

“அஞ்சு! அவனுக்கு அஞ்சு முடிஞ்சுது. பதியேக்கை நான் பக்கத்தில நிண்டு சொன்னனான்.”

உடனே திருத்தச் சொல்லி எழுதினார். பதிவேட்டில் கை வைக்கச் சட்டம் இடம் தராது, ஆனால் உங்கள் கடிதத்தை அந்தப் பக்கத்தோடு இணைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. அவர் அதை வாசித்துவிட்டு, “பிழையை எவ்வளவு கவனமாய்ப் பாதுகாக்கினம்,” என்றார்.

அக்கா குடும்பம் அந்தச் சித்திரை கழிய யாழ்ப்பாணம் திரும்பியது. வீட்டின் ஓடுகளும் கதவுகளும் போயிருந்தன. சுவர் நின்றது.

தொண்ணூற்றேழு கோடையில் மகன் அம்மையாரை ஜேர்மனிக்குக் கூட்டிப் போனார். இரண்டு கிழமையில் திரும்பி வந்தார்கள். கோயில் எப்படி இருந்தது என்று கேட்டேன். பாடகர் மேடைக்கு ஏறும் படிக்கதவு பூட்டியிருந்ததாம். திறப்பு வைத்திருப்பவர் விடுமுறையில் போய்விட்டாராம். கீழே சனம் இருக்கும் வாங்கிலில் இருந்து அண்ணாந்து பார்த்தாராம். நான் வரைந்தது போலவே உத்தரங்களுக்கு இடையில் பலகைகளின் அடிப்பக்கம் தெரிந்ததாம். பழையதும் புதியதும் ஒரே நிறமாகிவிட்டது, எது எங்கே தொடங்குகிறது என்று மகனுக்குக் காட்ட முடியவில்லை என்றார்.

“இப்ப நிலத்துக்குக் கீழை சூடாக்கிற பைப் போட்டிருக்கினம்,” என்றார். “அந்தக் கோடையிலும் ஆரோ அதைப் போட்டு விட்டிருந்தவை. எனக்கு வேர்த்துப் போச்சு. கோட்டைக் கழட்டி மடியில வைச்சுக்கொண்டுதான் இருந்தனான்.”

அடுத்த வருடம் நாங்கள் ரூஜ் பக்கம் ஒரு வீடு வாங்கிப் போனோம்.