விமானம் வரவில்லை என்பதும் ஓர் ஆட்சேபணை

1. ராட்டினம்

விசாரணை நாளன்று காலை பத்து மணிக்கு எங்கள் ஜீப் ஊருக்குள் போக முடியவில்லை. வழியை அடைத்துக்கொண்டு ஒரு ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் பிற்பகுதி. நான் நிலமெடுப்பு அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். சுந்தரபாண்டியத்தைத் தாண்டிய ஒரு சிற்றூரில் சின்ன விமானத்தளம் அமைக்க நிலம் எடுத்துக் கொடுக்கும்படி ஒரு துறை கேட்டிருந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பெரிய மனிதர்கள் பறந்து வர ஆசைப்படுகிறார்கள் என்று பேச்சு. நிலமெடுப்புச் சட்டத்தின் நாலாம் பிரிவு அறிவிப்பு வெளியாகிவிட்டது. ஆட்சேபணை கேட்கும் 5-ஏ விசாரணை அன்றைக்கு.

இத்தகைய விசாரணைக்கு வழக்கமாக ஏழெட்டு நில உரிமையாளர்கள் வருவார்கள். கோபமாகப் பேசுவார்கள், டீ குடிப்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள். பிறகு அவர்களுடைய ஆட்சேபணைகள் பரிசீலித்து நிராகரிக்கப்படும். ‘பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது’ என்பதை எங்கள் டைப்பிஸ்ட் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக அடிப்பார். அலுவலக நடைமுறையை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் யாரும் இல்லை.

அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் அல்ல. ஊரே வந்திருந்தது. பக்கத்து ஊர்களும் வந்திருந்தன. தளவாய்புரத்திலிருந்து பஸ் மாறி வந்த குடும்பம் ஒன்று வேப்பமரத்தடியில் போர்வை விரித்து, புளியோதரைத் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தது. காராச்சேவு, வெள்ளரிப்பிஞ்சு, சீனிமிட்டாய் எல்லாம் விற்பனைக்கு வந்திருந்தன.

“என்னய்யா, திருவிழா அன்னிக்கா என்கொயரி போட்டீங்க?” என்று எங்கள் அதிகாரியான தனி தாசில்தார் கேட்டார். எதையும் அவசரமாக முடிப்பவர் அவர். ஆட்சேபணை கொடுக்கக் கடைசி நாளையே விசாரணை நாளாகவும் வைத்தது அவருடைய யோசனைதான். மறுநாள் வையுங்கள் என்று நான் குறிப்பு எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பும் பரிசீலித்து நிராகரிக்கப்பட்டது.

ஊர்த் தலையாரி வேலாண்டி வெளுத்த காக்கிச் சட்டையில், கல்யாண வீட்டார் தோரணையில் எங்களை வரவேற்றார். சட்டப்படி அறிவிப்பை ஊரில் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். அதற்கான வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். ‘பொருட்டு’ என்ற சொல் அதில் நான்கு இடத்தில் வரும்.

“நான் எழுதிக் கொடுத்ததைத்தானே படிச்சீரு?” என்றேன்.

“அதப் படிச்சா ஒருத்தனும் நடையத் தாண்ட மாட்டான்யா. அதான் செத்த சேத்துச் சொன்னேன்.”

“என்ன சேத்தீரு?”

“ஏரோப்ளேன் பத்து மணிக்கு எறங்குதுன்னேன்.”

தனி தாசில்தார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தேகால். அரசாங்க விமானம் என்றால் தாமதமாகத்தான் வரும் என்று கூட்டத்தில் ஒருவர் மற்றவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

2. எழுத்தில் கொடுங்கள்

பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டிருந்தார்கள். தனி தாசில்தார் எழுந்து நின்று, இன்றைக்கு விமானம் எதுவும் வராது, விமானத்தளத்துக்கு நிலம் எடுப்பதில் ஆட்சேபணை இருந்தால் கேட்கவே வந்திருக்கிறோம் என்று விளக்கினார். ராட்டினம் நின்றது.

“அப்ப எப்ப வரும்?” என்று ஒரு குரல்.

அதற்குப் பதில் கோப்பில் இல்லை. கோப்பில் இல்லாத கேள்வி வந்தால் அதிகாரிகள் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு. பாதிக் கூட்டத்தை அந்த நிமிஷமே வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய வாக்கியம். நானே என் பணிக்காலத்தில் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். தனி தாசில்தாரும் அதைச் சொன்னார்.

“எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க.”

அவர் கவனிக்காத ஒன்று, விமானம் பார்க்க வந்தவர்களில் ஸ்ரீவில்லிபுத்தூரின் மனு எழுதுபவர் ஒருவரும் இருந்தார் என்பது. மனிதர் எங்கே போனாலும் வெள்ளைத்தாள் கட்டோடு போகிறவர். வேப்பமரத்தடிப் போர்வையில் இடம் வாங்கி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். புளியோதரையும் கிடைத்தது. மாலை ஐந்து மணிக்கு என் மேஜையில் இருநூற்றுப் பதினான்கு மனுக்கள்.

பாதிப்பேர் விமானம் வரக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். மீதிப்பேர், சொன்னபடி விமானம் வராததைக் கடுமையாக ஆட்சேபித்திருந்தார்கள். ராஜபாளையத்தில் நாய் வளர்ப்பவர் ஒருவர், தம் நாய்கள் காக்கை பறந்தாலே குரைப்பவை, விமானத்துக்கு ஓயாமல் குரைத்துத் தொண்டை கட்டினால் யார் பொறுப்பு என்று கேட்டார். பால்கோவா போடும் ஒருவர், சத்தத்தில் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்றார். ஆண்டாள் கோயிலுக்கு வழிவழியாக மாலை கட்டும் குடும்பத்துப் பெரியவர் விமானத்தை எதிர்க்கவில்லை. கோபுரத்துக்கு மேலே பறக்கக் கூடாது, சுற்றிப் போனால் வலமாகச் சுற்ற வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தார். படித்ததும் நியாயமாகத்தான் பட்டது.

3. கிணறு

எல்லோரும் கலைந்த பிறகு ஒரு பெண் மட்டும் தூணோரம் நின்றார். பெயர் பொன்னுத்தாய். கையில் மனு இல்லை. எங்கள் வரைபடத்தில் ஓடுபாதையின் நடுக்கோடு அவருடைய கிணற்றின் மேல்தான் போனது. அவரும் அவருடைய தம்பியும் இரண்டு கோடை பாறை உடைத்துத் தோண்டிய கிணறு. முந்தைய சித்திரையில்தான் ஊற்று கண்டிருந்தது.

“நீ எழுதிக் குடுக்கலையாம்மா?” என்றார் தனி தாசில்தார்.

“எழுத என்னய்யா இருக்கு? கெணறு கெடக்கு, வந்து பாருங்க.”

“நிலத்துக்கு நஷ்டஈடு வரும்மா. வேற இடத்துல தோண்டிக்கலாம்.”

“அங்கன தண்ணி இருக்குன்னு நீங்க எழுத்துல குடுப்பியளா அய்யா?”

தனி தாசில்தார் பேனாவை மூடினார். நான் என் பேனாவைத் திறந்து, பொன்னுத்தாய் சொன்னதை வாக்குமூலமாக எழுதிப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினேன். மனு எண் இருநூற்றுப் பதினைந்து. அந்தக் கட்டில் உண்மையான ஆட்சேபணை அது ஒன்றுதான். அது ஒன்று மட்டும் இருந்திருந்தால் அந்த வாரமே பரிசீலித்து நிராகரிக்கப்பட்டிருக்கும். ஆடிக்குள் கிணற்றை மூடியிருப்பார்கள்.

4. விதிப்படி

மறுநாள் தனி தாசில்தார், “ஏரோப்ளேன் வரலைன்னு குடுத்த பேப்பரெல்லாம் தூக்கி எறிங்க. நிலத்துல உரிமை உள்ளவன் மனு மட்டும் போதும்” என்றார்.

சட்டம் அவர் சொன்னபடிதான். ஆனால் எடுக்கவிருந்த நிலத்தில் ஊரின் நெற்களமும் மேய்ச்சல் புறம்போக்கும் இருந்தன. களத்தில் யாருக்கு உரிமை இல்லை? உரிமை இல்லை என்று சொல்வதானால், ஒவ்வொருவரையும் கூப்பிட்டு விசாரித்து, காரணம் எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகே சொல்லலாம். மனுக்கள் கெடுவுக்குள் வந்தவை. ஏனென்றால் விசாரணை நடந்ததே கடைசி நாளில். ஒவ்வொரு மனுவுக்கும் நிலம் கேட்ட துறையின் குறிப்புரையும் வேண்டும். இதையெல்லாம் விதி எண்களோடு இரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்தேன். அவர் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார்.

துறைக்கு மனுக்களின் நகல் போனது. துறை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் அனுப்பியது. மனுவாரியாக வேண்டும் என்று திருப்பினேன். மனுவாரியாக வந்தது. ‘விமானம் எப்போது வரும்’ என்ற மனுக்களுக்கு ‘உரிய காலத்தில்’ என்று நூறு தடவைக்கு மேல் டைப் அடித்திருந்தார்கள். வலமாகச் சுற்றும் விஷயம் தொழில்நுட்பக் கருத்துக்காக மேலிடத்துக்குப் போய், காற்றின் திசையைப் பொறுத்தது என்ற பதிலோடு திரும்பியது. களமும் மேய்ச்சலும் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருந்ததால் அதன் தீர்மானத்தையும் கேட்டோம். நீண்ட விவாதத்துக்குப் பின் ஒருமனதாகத் தீர்மானம் வந்தது: ‘நம் ஊருக்கு விமானம் வருவதை இம்மன்றம் மகிழ்ச்சியுடன் வரவேற்கிறது. நிலம் தருவதை ஆட்சேபிக்கிறது.’

நாலாம் பிரிவு அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள், நிலத்தை எடுப்பது உறுதி என்று சொல்லும் ஆறாம் பிரிவு டிக்ளரேஷன் வர வேண்டும். வராவிட்டால் நடவடிக்கை தானாகக் காலாவதி. ஆண்டு முடிந்த அன்று நாங்கள் மனு எண் நூற்று எழுபத்து மூன்றில் இருந்தோம்.

தனி தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். “வேணும்னே செஞ்சீங்களா?”

“எந்த விதியை மீறினேன்னு சொல்லுங்க சார், திருத்திக்கிடுதேன்.”

விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அவரே சிரித்துவிட்டு இரண்டு டீ சொன்னார்.

அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மனுவின் கனம் எண்ணிக்கையில் இல்லை. ஆனால் கனமான மனு ஒன்று தனியாக வந்தால், அதை நாலு பேர் நடுவில் உட்கார வையுங்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

காலாவதி உத்தரவின் நகலை வாங்கப் பொன்னுத்தாய் அலுவலகத்துக்கு வந்தார். கிணறு அவருக்கே என்று விளக்கினேன். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். நகலை மடித்து இடுப்பில் செருகிவிட்டுக் கிளம்பியவர் வாசலில் நின்று திரும்பினார்.

“அப்ப ஏரோப்ளேன் வரவே வராதாய்யா?”

“வராதும்மா.”

முகம் வாடிவிட்டது. “நானும் அன்னிக்குப் பாக்கத்தான் புதுச்சேல கட்டிட்டு வந்தேன். வேற எங்கிட்டாவது எறங்கினா எங்களுக்கும் சொல்லி விடுங்க. தண்டோராவ வேலாண்டியே போடட்டும்.”