பிரேக் பிடிக்காத லாரியும் போகாத பயமும்

நம் அன்பிய ஜெபக் கூட்டத்துச் சொந்தங்களே, நான் சகாயராஜ், லாரி டிரைவர். வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம் இதே கூட்டத்தில் ஒரு சாட்சி சொன்னேன். ஆலப்பாக்கம் தாண்டி ஒரு பள்ளிக்கூட வாசலில் என் லாரி பிரேக் பிடிக்காமல் ஓடியது, பிள்ளைகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள், "மாதாவே!" என்று கத்தினேன், ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது என்றேன். எல்லோரும் மரியே வாழ்க என்றீர்கள். அன்று ஒன்றை மறைத்துவிட்டேன். பிரேக் சரியில்லை என்று எனக்கு ஒரு மாதமாகவே தெரியும்.

அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் என் மனைவி ஸ்டெல்லா கேட்டாள். "ஏங்க, நாளைக்கும் அதே வண்டியதான் எடுக்கப் போறீங்களா?"

நடையை எட்டிப் போட்டேன்.

மறுநாள் காலை கடலூர் ஷெட்டில் லாரி உரமூட்டையோடு நின்றது. சிதம்பரம் போக வேண்டும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காலாவதியான வண்டி, அதில் அளவுக்கு மேல் பாரம். இன்ஜினை ஓடவிட்டுப் பிரேக்கை ஒரு மிதி மிதித்தேன். பிரேக்குக்கான காற்றழுத்தம் காட்டும் ஏர் மீட்டரில் முள் சரசரவென்று இறங்கியது, மறுபடி ஏறவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைகளின் புத்தகப் பைகள்தான் தெரிந்தன. ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, "தாயே, இந்தப் பயத்தை எடுத்துடு, போய் வந்துடறேன்" என்று வேண்டினேன். எப்போதும் அப்படித்தான் வேண்டுவேன். பயம் போய்விடும், வண்டியை எடுப்பேன். அன்றைக்குப் பயம் போகவில்லை. ஜாஸ்தியானது.

இறங்கி முதலாளியிடம் போனேன்.

"மொதலாளி, பிரேக் சரி பண்ணாம நான் எடுக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். "மெதுவா கியர்லயே போய்யா. அதான் மாதா கூடவே வராங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கிறியே, அப்புறம் என்னா பயம்?"

சுருக்கென்று தைத்தது. என் சாட்சியையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். என் லைசென்ஸ் வேறு அவர் மேசை டிராயரில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக்கொண்டது. அது இல்லாமல் வேறு எங்கே போய் ஓட்டுவேன்? ஆனாலும் சாவியை மேசைமேல் வைத்தேன்.

முதலாளி அதைச் செல்வத்திடம் நீட்டினார். செல்வம் என்னோடு வேலை பார்க்கும் டிரைவர், குறிஞ்சிப்பாடிக்காரன். அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள். சாவியை வாங்கி லாரியில் ஏறினான். அப்போதுதான் நான் உண்மையாகப் பயந்தேன். என் வேலை போகிறதே என்பதுகூட மறந்துவிட்டது. லாரிக்கு முன்னால் போய் நின்றேன். "தாயே, எனக்கு ஒண்ணும் வேணாம், அவனை எறக்கி விடு." அவ்வளவுதான் என் ஜெபம்.

இன்ஜின் ஓடியது. செல்வம் பிரேக்கை மிதித்து மீட்டரைப் பார்த்தான். மறுபடி மிதித்தான். பிறகு என்னைப் பார்த்தான். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான்.

"எனக்கும் வேணாம் மொதலாளி. மச்சான் சொல்றது நெஜந்தான்."

இருவரையும் வெளியே போகச் சொன்னார். நேராகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தோம். பழுது தெரிந்தே ஓட்டினால் ஓட்டுபவன் மேலும் குற்றம், ஓட்டச் சொன்னவர் மேலும் குற்றம் என்று அங்கே இருந்த அதிகாரி சொன்னார். என் லைசென்ஸைப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமையே கிடையாதாம். இத்தனை வருடம் ஓட்டியும் எனக்கு இது தெரியாது.

இரண்டு வாரம் வேலையில்லை. வேறு டிரைவர் யாரும் ஏற மறுத்ததால் வண்டி ஒர்க் ஷாப்புக்குப் போனது. சக்கரத்தைக் கழற்றிய மெக்கானிக், "இத எவன்யா ஓட்னது?" என்று கேட்டாராம். நாங்கள் கொடுத்த புகாரால் லைசென்ஸ் என் கைக்கு வந்தது. செல்வத்தை முதலாளி திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிடவில்லை. இப்போது நெல்லிக்குப்பத்தில் வேறொருவரிடம் ஓட்டுகிறேன்.

இன்றும் பயம்தான். காலையில் பெடலை மிதித்து, முள் நிற்கிறதா என்று பார்த்த பிறகே நெற்றியில் சிலுவை போடுகிறேன். என் பயத்தை எடுத்துவிடாமல் விட்டதற்குத் தாய்க்குக் கோடி நன்றி. உங்களில் யாராவது அப்படி ஒரு வண்டியில் உட்கார்ந்திருந்தால், முதலில் இறங்குங்கள். இறங்கி நின்று ஜெபியுங்கள். அவள் உங்களைத் தனியாக நிற்க விடமாட்டாள்.

நேற்று அதே பள்ளிக்கூட வாசலில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. பிள்ளைகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், பேசிக்கொண்டே கடந்து போனார்கள்.