வாயைத் திறந்து சொன்ன அக்கா

மூக்கண்டப்பள்ளி வாடகை அறையில் அக்கா சோற்றுப் பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எனக்கு இப்போ கோவமா இருக்குது. உன்மேல இல்ல.” அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. கோபத்தையும் வருத்தத்தையும் முகத்தில் காட்டிவிட்டு, நானே புரிந்துகொள்ள வேண்டுமென்று காத்திருப்பார்கள். எனக்குக் கண்ணும் மூக்கும் தெரியும். அவற்றில் என்ன இருக்கிறதென்று தெரியாது. ஊரில் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்திருந்தேன். அக்கா என்று நான் கூப்பிட்ட ராயக்கோட்டைக்காரரும் நானும் ஒரே அறை. பைக்குகளுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையிலும் ஒரே லைன். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், என்னிடம் தமிழ் என்று பேசிப் பழகியவர் அவர். முகத்தையும் எனக்குத் தெரியாத இன்னொரு பாஷையாக எடுத்துக்கொண்டார். அழுகை வந்தால்கூட, “அழறேன், பக்கத்துல உக்காரு” என்பார். உட்காருவேன்.

ஒருநாள் லைனில் என் வேலை பின்தங்கியது. சூப்பர்வைசர் வந்து, “அவசரமே இல்லம்மா, நிதானமாப் பண்ணு” என்றார். நல்ல மனிதர் என்று நினைத்து, ஒவ்வொரு இணைப்பையும் மறுபடி சரிபார்த்தேன். லைன் நின்றுபோனது. மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு, திமிருக்காக எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். சூப்பர்வைசர் சொன்னதைத்தான் செய்தேன், மன்னிப்புக் கேட்க முடியாது என்றேன். குத்தலாகச் சொன்னார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியாதா என்றார் மேனேஜர். யாரும் அழைக்காமலே உள்ளே வந்து என் பக்கத்தில் நின்ற அக்கா பதில் சொன்னார்: “வாயி ஒண்ணு சொல்லுது, மூஞ்சி ஒண்ணு சொல்லுதுன்னா, அவ எதைங்க சார் கேக்கறது? அவ வாயை நம்புனா. அது தப்பா?”

இருவரையும் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாளெல்லாம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டி மடித்ததில் கால் வீங்கியது. மன்னிப்பு மட்டும் நாங்கள் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து, பெங்களூரில் ஒரு மருத்துவர் இதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார். நிம்மதி வந்தது, வெட்கம் வரவில்லை. போன வாரம் இப்போதைய அலுவலகத்தில் புது மேலதிகாரி, “பரவாயில்ல, போங்க” என்றார். நிஜமாகவா, கோபமாகவா என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர், “கோவம்தான்” என்றார்.

“அப்போ காரணத்தச் சொல்லுங்க சார்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.