பூஜ்யத்தில் தொடங்கும் பதிப்பு எண்

திங்கட்கிழமை காலை. தி. நகர் ஆபீஸில் தோளிலிருந்து பையைக்கூட இறக்கவில்லை, போன் வந்துவிட்டது. மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் பொறுப்பாளர் பிலோமினா. அந்த லேபுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தது நாங்கள்.

“இன்னா மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? டியூப்ல ஒட்டுற ஸ்டிக்கர்ல பேர் மட்டும்தான் வருது, பேஷண்ட் நம்பரைக் காணோம். லட்சுமின்னே மூணு பேர் ரத்தம் குடுத்துட்டு உக்காந்துகினு இருக்காங்க. எது யாருதுன்னு எப்பிடி சொல்றது?”

நம்பரைக் கையால் எழுதி ஒட்டச் சொன்னேன். அதுவரை எடுத்த ரத்தம் அத்தனையும் வீண். வெறும் வயிற்றோடு வந்திருந்த பெரியவர் ஒருவர், “மறுபடியும் குத்துவியா?” என்று கத்தியது போனிலேயே கேட்டது.

நாங்கள் எழுதிய புரோகிராமில் யாரும் கை வைக்கவில்லை. ஸ்டிக்கர் அச்சிட நாங்கள் பயன்படுத்தியது வேறொருவர் எழுதி இலவசமாகப் பொதுவில் விட்டிருந்த ஒரு ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ். முந்தைய நாள் சர்வரைப் புதுப்பித்தபோது அது 0.9.6 என்ற பதிப்பிலிருந்து 0.9.7-க்குத் தானாக மாறியிருக்கிறது. புதியதில் எழுத்து பெரிதாகி, நம்பர் இருந்த இரண்டாவது வரி ஸ்டிக்கருக்கு வெளியே போய்விட்டது.

பதிப்பைத் தானாக மாறாதபடி பூட்டி வைப்போம், சோதித்த பிறகே மாற்றுவோம் என்று மேனேஜர் ஸ்ரீதரிடம் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். “லேட்டஸ்ட்டா இருக்கறதுதாம்மா சேஃப்” என்பார். அன்றும் அவர் மாறவில்லை.

“கடைசி நம்பர்தானே மாறியிருக்கு? ஆறு ஏழாச்சு. இதுல என்னம்மா ஆயிடப் போவுது?”

“அதான் ஆயிடுச்சே சார்.”

பழைய பதிப்பை ஏற்றி லேபை ஓடவைத்துவிட்டு, பேக்கேஜை எழுதியவருக்கு மெயில் போட்டேன். ராகவன் என்று பெயர். அடையாறுக்காரராம். மதியம் அவரே கூப்பிட்டார்.

“பூஜ்யத்துல ஆரம்பிக்கற வெர்ஷன்ல எது வேணா மாறலாம் மேடம். அதான் ரூல். பேக்கேஜோட முதல் பக்கத்துலயே போட்டிருக்கேன்.”

“இத்தனை வருஷமாவா சார் பூஜ்யம்?”

“1.0-ன்னு போட்டா, இனிமே இஷ்டத்துக்கு மாத்த மாட்டேன்னு அர்த்தம், பொறுப்பு வந்துடும். ஆபீஸ் போய்ட்டு வந்து சும்மா பண்ற வேலை இது.”

“பொறுப்பு எப்பவோ வந்தாச்சு சார். உங்க ஸ்டிக்கரை நம்பி மயிலாப்பூர்ல ரெண்டாவது ஊசி குத்திக்கிட்டு போயிருக்காங்க.”

எனக்கு அவர்மேலும் கோபம்தான். ஆனால் சம்பளமில்லாமல் அவர் எழுதியதில்தான் நாங்கள் பிழைப்பு நடத்துகிறோம். ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடும் முன் சோதிக்கும் டெஸ்ட் புரோகிராம்களை நான் எழுதித் தருகிறேன், 1.0 என்று போடுங்கள் என்றேன்.

“குடுங்க. போட்டுடறேன்” என்றார்.

எழுதிக் கொடுத்தேன். 1.0 வந்தது. ஸ்ரீதர் துள்ளிக்கொண்டு வந்தார். “ஒண்ணு ஆயிடுச்சே! இன்னிக்கே ஏத்திடலாமா?”

ஏற்றவில்லை. அந்த ஸ்டிக்கர் பிரிண்டரையே ஆபீஸுக்கு வரவழைத்து, நீளமான பெயர்களாகப் போட்டு அச்சடித்துப் பார்த்த பிறகே ஏற்றினேன். பதிப்பு எண் என்பது எழுதியவர் தரும் வாக்கு. அதை ஒட்டிப் பார்ப்பது நம் வேலை.