என் கத்திரித் தோட்டத்துல குடியேறுன அட்டைச் சாமி

நேத்து திண்டுக்கல் தியேட்டர்ல மொத்தமே எட்டுப் பேரு மக்களே!

அதுல அஞ்சு பேரு நாங்க. டிக்கெட் எடுத்துக் கூட்டிட்டுப் போனவன் நான். காரணம் இருக்கு.

கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி ஒரு மலையாளப் பட யூனிட் எங்க சேவுகம்பட்டி தோட்டத்துல ரெண்டு நாள் ஷூட்டிங் எடுத்தாய்ங்க. சாமி, மாயாஜாலம்னு பெரிய கதை. பட்ஜெட்தான் இல்ல. டைரக்டரே ஹீரோ, அவரே லைட்டும் தூக்குனாரு!

போறப்ப அட்டையும் தெர்மாகோலும் வச்சு செஞ்ச பத்தடி சாமி சிலைய விட்டுட்டுப் போயிட்டாய்ங்க. "வண்டியில எடம் இல்ல சேட்டா."

மறுநாள் எங்க சித்தியோட காணாமப் போன ஆடு, அந்தச் சாமி காலடியில வந்து நின்னுச்சு. (மைதா பசைய நக்க வந்திருக்கும்!)

அம்புட்டுதான். சூடம், மாலை, வெள்ளிக்கிழமை பொங்கல்! நான் கத்திரி நாத்து நட வச்சிருந்த எடம் கோயிலாயிருச்சு.

"அது அட்டை சித்தி"ன்னா, "வாயக் கழுவுடா"ங்குது.

இப்ப தமிழ்ல டப் ஆகி வந்திருக்க அந்தப் படத்துல சாமியே (நம்ம டைரக்டர்தான்!) நேர்ல வந்து, அந்தச் சிலைய அட்டைன்னு சொல்லுவாரு. ஷூட்டிங்ல பாத்திருக்கேன். அதச் சித்தி காதால கேக்கட்டும்னுதான் கூட்டிட்டுப் போனேன்.

படம் நெசமாவே நல்லாருந்துச்சு. சாமி மனுசனா எறங்கி வந்து தன் கோயிலுக்குள்ள போகப் பாக்குறாரு. ஊரே மறிச்சு, "நீ எந்தத் தெரு ஆளு?"ன்னு கேக்குது.

அடுத்து வந்துச்சு நம்ம சீன். "இது வெறும் அட்டை. நாந்தான் சாமி!"

"கேட்டியா சித்தி?"

சித்தி எந்திரிச்சு நின்னுச்சு. "யாரு, இவனா? எங்கிட்ட கேப்பக் கூழு வாங்கிக் குடிச்சிட்டு உப்பு கம்மின்னவன்டா! இவன் சாமியா?"

படத்துல ஊர்க்காரய்ங்க வெரட்டுன மாதிரியே வெரட்டுது! மத்த மூணு பேரும் கைதட்டுறாய்ங்க.

திரும்புறப்ப வத்தலக்குண்டு தாண்டவும் மழை புடிச்சுக்கிச்சு. சாமிக்குப் போட்ட கீத்துக் கொட்டகை போன வாரக் காத்துலதான் பறந்துச்சு. அன்னிலேருந்து இந்த மழைக்குத்தான் காத்திருந்தேன். இன்னியோட கரைஞ்சிரும்!

சித்தியப் பாத்தேன். முந்தானையால கண்ணத் தொடச்சிட்டு இருக்கு. "நனையுமேடா அப்பு..."

மனசு கேக்கலங்க. பஸ்ஸ விட்டு எறங்குனதும் ஒரே ஓட்டம். வைக்கோப் படப்பு மேல கெடந்த தார்ப்பாய உருவி, சாமிக்குப் போத்திவிட்டேன்.

சாமி தப்பிச்சிருச்சு. வைக்கோல் அம்புட்டும் நனைஞ்சுபோச்சு. காலையிலேருந்து மாடு என்னைய மொறைக்குது.

சிரிக்கிறவங்க சிரிச்சுக்கங்க. யார்ட்டயாச்சும் பழைய பிளக்ஸ் பேனர் கெடக்கா? பத்தடி உசரத்துக்கு வேணும்.

யாரு படமும் இல்லாததா பாத்துக் குடுங்க. அதையும் சித்தி கும்பிட ஆரம்பிச்சா, மிச்ச எடமும் போயிரும்!