அண்ணி துடைக்காமல் விட்ட கறை

என் அண்ணிக்குக் கறை என்றால் ஆகாது. சலவைக் கடைக்காரிக்கு ஆகாமல் இருந்தால் நல்லதுதானே என்பீர்கள். அவளோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பார்த்தால் தெரியும். மேடையேறி மாப்பிள்ளையை வாழ்த்தப் போனவள், அவர் காலரில் காபித் துளியைப் பார்த்துவிட்டு, போட்டோக்காரரை நிறுத்தி, கைப்பையிலிருந்து ஈரத்துணியை எடுத்துவிட்டாள். "தேய்க்கக் கூடாது தம்பி, ஒத்தணும்" என்று மாப்பிள்ளைக்குப் பாடம் வேறு. அண்ணன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

(நேரில் அவளை வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவேன். பின்னால் அவள் இவள்தான். அவளுக்கும் தெரியும்.)

கடை எங்களுடையது என்று சொன்னாலும் எல்லாம் அவள்தான். முன்னால் கவுன்டர், அதற்குப் பின்னால் புஸ் புஸ் என்று ஆவி விடும் இஸ்திரி மேஜை, கூரையிலிருந்து தொங்கும் கோட்டுகள். ஜன்னலோரம் என் தையல் மெஷின். ஜிப் மாற்றுவது, கால் நீளம் குறைப்பது எல்லாம் என் வேலை. வாடிக்கையாளர்களின் பெயர் அவளுக்கு நினைவில் நிற்காது, கறைதான் நிற்கும். இங்க் வாத்தியார், கிரீஸ் மெக்கானிக், லிப்ஸ்டிக் வக்கீல். லிப்ஸ்டிக் வக்கீல் மனைவியோடு வந்தால் மட்டும் வெறும் வக்கீல்.

"கறை காயறதுக்குள்ள கை வைக்கணும்." இதுதான் அவளுடைய தொழில் ரகசியம், வேதம், எல்லாம். அதுவேதான் அவளைக் கவிழ்க்கவும் பார்த்தது.

ஒருநாள் காலையில் நான் கடைக்கு வந்தபோது வாசலோரச் சுவரில் ஒரு இடம் மட்டும் புதுச் சட்டை போட்ட மாதிரி வெளுத்திருந்தது. பெயின்ட் கரைக்கிற தின்னர் வாடை மூக்கைத் துளைத்தது. கேட்டதற்கு, "புறா எச்சம்" என்றாள். தின்னர் போட்டுத் துடைக்கிற அளவுக்கு அந்தப் புறா என்ன தின்றது என்று எனக்குப் புரியவில்லை.

அடுத்த தடவை நான் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டேன். அண்ணி குந்தி உட்கார்ந்து சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாதி அழிந்திருந்தது. மீதியை நான் படித்துவிட்டேன். எங்கள் நிறத்தைச் சொல்லி ஒரு கெட்ட வார்த்தை. அதன் கீழே, உங்கள் நாட்டுக்கே ஓடிப் போங்கள் என்று. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் பொறந்தது அந்த முக்கு ஆஸ்பத்திரியில. அங்க போய்ப் படுத்துக்கச் சொல்றானா?" என்று அவள் சிரித்தாள். பிரஷ்ஷை மட்டும் இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

"போலீஸ்ல சொல்லலாம் அண்ணி."

"எதைக் காட்டுவே? அதான் சுத்தமா போயிடுச்சே." குரலில் பெருமை வேறு. பிறகு மெதுவாக, "உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடாதே. நாலு பேர் படிச்சு நம்மளப் பார்த்துப் பாவம்னு சொல்றதுக்கா கடை வச்சிருக்கோம்?" என்றாள்.

அதன் பிறகு அவள் அவளாக இல்லை. வாசலில் யாராவது சத்தமாகப் பேசினால் இஸ்திரிப் பெட்டி பாதியில் நின்றுவிடும். வெளிச்சம் இருக்கும்போதே கடையைச் சாத்தச் சொல்வாள். ஒருநாள் துணிகளுக்கு டோக்கன் குத்திக்கொண்டே, "கடையைக் கேட்டு ஒருத்தர் வந்தார். குடுத்துடலாம்னு இருக்கேன்" என்றாள். ஊசி என் விரலில் ஏறியது. அவளுக்கு இந்தக் கடைதான் உயிர். இதை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் சோபா உறையைத் துவைத்தே கிழித்துவிடுவாள்.

அண்ணனுக்குக் காரணம் தெரியாது. பொண்டாட்டி களைத்துவிட்டாள் என்று நினைத்தார். களைப்புக்கு அவர் கண்டுபிடித்த மருந்து, அவளுக்குப் பிடித்த பாடகரின் கச்சேரி. டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் அண்ணன் போனிலேயே ஒரு நல்லவரைப் பிடித்துவிட்டார். அந்த நல்லவருக்குத் திடீரென்று வெளியூர்ப் பயணம், டிக்கெட் வீணாகக் கூடாது என்ற நல்லெண்ணம், உடனே பணம் அனுப்பாவிட்டால் வேறு ஒருவர் காத்திருக்கிறார். அண்ணன் பஸ் டிரைவர். இங்கே டிக்கெட் பார்ப்பதும் டிரைவர்தான். பழைய டிக்கெட்டை மடித்து நீட்டுகிறவனை முழியைப் பார்த்தே இறக்கிவிடுபவர். அவருக்குப் போனில் முழி தெரியவில்லை.

மூன்று பேரும் மடிப்புக் கலையாமல் உடுத்திக்கொண்டு போனோம். அரங்க வாசலில் டிக்கெட் பார்க்கும் மெஷின் சிவப்பு விளக்கைக் காட்டியது. மறுபடியும் சிவப்பு. "இதே சீட்டுக்கு உங்களுக்கு முன்னாடியே ஒரு குடும்பம் வந்து திரும்பிப் போச்சு சார்" என்றான் காவலுக்கு நின்ற பையன். அண்ணன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அண்ணி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வண்டி நிறுத்துமிடத்துத் திண்டில் உட்கார்த்தினாள். அங்கேயே பாதிப் பாட்டு கேட்டது. மீதியை அவளே பாடிக்கொண்டாள்.

மறுநாள் காலை காபி குடிக்கும்போது அண்ணி ஆரம்பித்தாள். "போய் புகார் குடுங்க."

"விடு. டிப்போவுல தெரிஞ்சா மானம் போயிடும்."

"ஏமாத்தினவன் நிம்மதியாத் தூங்குறான். நீங்க எதுக்குங்க வெட்கப்படணும்? நீங்க வாயை மூடிட்டிருந்தா அவன் இன்னொரு வீட்டுக்குப் போவான்."

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அப்படியா அண்ணி? அப்ப சுவத்துல எழுதினவன்?" என்று கேட்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டேன்.

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்குத்தான் கடையை விக்கறேன்னியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அண்ணி மேஜையைத் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணன் துணியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீ வந்தா நானும் வர்றேன்" என்றார்.

போலீஸ் நிலையத்தில் இருந்த பெண் அதிகாரி அண்ணன் கதையை முதலில் கேட்டார். டிக்கெட் என்றால் நடத்துகிறவர்களிடமோ அவர்கள் சொல்லும் இடத்திலோதான் வாங்க வேண்டும், அவசரப்படுத்துகிறவனிடம் வாங்கவே கூடாது, முன்பின் தெரியாதவன் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பினால் திரும்புவது கஷ்டம், உடனே பேங்குக்குச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். பிறகு அண்ணி சொன்ன சுவர் விஷயத்தையும் கேட்டுவிட்டு, அதிகாரி, "போட்டோ இருக்கா?" என்று கேட்டார்.

"துடைச்சுட்டேன்."

"ரெண்டு தடவையுமா?"

"நல்லாவே துடைச்சேன் மேடம்."

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டார். "யார் எழுதினாங்கன்னு தெரியாட்டியும் சொல்லலாம்மா. வெறும் வார்த்தைதானேன்னு விடாதீங்க, அதுவும் குற்றம்தான். இனிமே எழுதியிருந்தா தொடாதீங்க. போட்டோ எடுங்க, எங்களைக் கூப்பிடுங்க. ஆள் அங்கேயே நின்னா கிட்ட போகாதீங்க, உள்ள போய் அவசர நம்பருக்கு அடிங்க."

"தொடாம எப்படி மேடம் இருக்கறது?" என்று நிஜமாகவே கேட்டாள் அண்ணி.

அண்ணன் டிப்போவிலும் சொல்லிவிட்டார். சிரித்தார்கள்தான். சிரித்து முடித்ததும் இரண்டு பேர் தனித்தனியாக ஓரமாக வந்து, "எனக்கும் அதே ஆள்தான்பா" என்றார்களாம்.

கடையை விற்கும் பேச்சை மட்டும் அண்ணி விடவில்லை. வாங்க வருவதாகச் சொன்னவர் வரவேண்டிய நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து மறுபடியும் சுவரில் எழுதியிருந்தான். சிவப்புப் பெயின்ட், இன்னும் ஈரம். அண்ணி வாளியோடு நின்றாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போட்டோ எடுத்தாள், போன் செய்தாள். மதியத்துக்குள் வந்துவிடுகிறோம், அதுவரை தொட வேண்டாம் என்றார்கள்.

"போட்டோதான் எடுத்தாச்சே, துடைச்சுடு. கடை பார்க்க ஆள் வர்ற நேரம்" என்று அண்ணன் கெஞ்சினார்.

"தொடாதேன்னாங்க." நாற்காலியை வாசலில் போட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் கை சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போகிறவர்கள் எல்லோரும் படித்தார்கள். ஒவ்வொருவர் படிக்கும்போதும் அவள் முகம் சுருங்கியது. எனக்கே ஓடிப்போய் அழித்துவிடலாம் போலிருந்தது. வெளுக்கக் கொடுக்க ஒரு சட்டையோடு வந்த இங்க் வாத்தியார், படித்துவிட்டு அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டார். எதிர்க் கடையிலிருந்து செருப்புக்கடைக்காரர் தெருவைக் கடந்து வந்தார்.

"இங்கேயுமா?" என்றார்.

"உங்க கடையிலயுமாண்ணே?"

"ரெண்டு தடவை. மேல பெயின்ட் அடிச்சுட்டேன். முக்குல பூக்கடை அம்மா பலகையையே கழட்டிப் போட்டுட்டாங்க."

"சொல்லியிருக்கலாமே."

"நீ சொன்னியாம்மா?"

ஒரு தெரு முழுக்க ஆளுக்கு ஆள் தெரியாமல் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். எழுதினவன் எவ்வளவு சிரித்திருப்பான் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

அதிகாரி வந்தார். அதற்குள் பூக்கடை அம்மாவும் வந்துவிட, மூன்று கடைக்காரர்களும் சேர்ந்தே சொன்னார்கள். செருப்புக்கடை கேமராவில் ஒருவன் பெயின்ட் டப்பாவோடு முகம் தெரிய நின்றிருந்தான். அதிகாரி அதை எடுத்துக்கொண்டு, "இனிமே துடைச்சுக்கலாம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அண்ணி எழுந்திருப்பதற்குள் வாங்க வந்தவர் வந்துவிட்டார். சுவரைப் படித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இப்படிப்பட்ட இடம்னா விலையைக் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்லணும்" என்றார்.

அண்ணன் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அண்ணி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எழுதினவன் சும்மா போகச் சொன்னான். நீங்க காசு குடுத்துப் போகச் சொல்றீங்க, அவ்வளவுதான் வித்தியாசம். நான் எங்கேயும் போறதா இல்லைங்க."

அவர் போய்விட்டார். அண்ணி வாத்தியாரிடம் சட்டையை வாங்கி, பாக்கெட்டின் மூலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன பார்த்துட்டு நிக்கறே? அந்த ஜிப் தச்சாச்சா?" என்றாள்.

தைக்கவில்லை. எனக்குக் கண் நிறைந்து ஊசிக் காதே தெரியவில்லை.