நான்காவது தடவை

என் அக்காவுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வில் தேறிய பிள்ளை யாராவது சேராமல் போனால், காத்திருப்போர் பட்டியலைப் பார்த்து அடுத்த வீட்டுக்குப் போன் செய்வது அவள் பொறுப்பு. மூன்று தடவை அடிக்கலாம். எடுக்காவிட்டால் அடுத்த பெயர். விதி அவ்வளவுதான். அக்கா மட்டும் பிடிவாதமாக நாலு, அஞ்சு என்று அடித்துக்கொண்டே இருப்பாள். அங்கே அவளுக்குப் "போன் அக்கா" என்றே பெயர்.

இந்த வருஷம் கடைசி நாளில் ஒரே ஒரு இடம் காலி. பட்டியலில் முதலில் யாரோ ஒரு பெண். அரை மார்க் வித்தியாசத்தில் இரண்டாவது என் மகள். நாலு மணிக்குள் சேர்த்தாக வேண்டும். காலையிலிருந்து அவள் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாலேகாலுக்குப் பொறுக்க முடியாமல் நானே கூப்பிட்டேன்.

"அந்தப் பொண்ணு சேர்ந்துடுச்சுடா," என்றாள் அக்கா.

"போன் எடுத்தாங்களா?"

"இல்ல. அவங்கம்மா சலவைக்கூடத்துல வேலை பாக்கறாங்க. மெஷின் சத்தத்துல கேக்கல. சாப்பாட்டு நேரத்துல நானே போய்க் கூட்டிட்டு வந்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊருக்கெல்லாம் நல்லவள், சொந்தத் தம்பி மட்டும் கண்ணுக்குத் தெரியமாட்டான்! மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழ, நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

"மூணு தடவைதானே விதி? அவ உனக்கு மருமகதானே?"

அக்கா அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய பதிவேட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்தாள். முப்பது வருஷத்துக்கு முந்தையது. அந்த வருஷம் அவளும் இதே தேர்வை எழுதிக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். அவளுக்கு இடம் வரவேயில்லை என்றுதான் எங்கள் வீட்டில் இன்றுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னைத் தவிர.

அவள் பெயருக்கு எதிரே நீல மையில் எழுதியிருந்தது: "போனில் தம்பியிடம் தெரிவிக்கப்பட்டது. வரவில்லை."

அப்போது எனக்கு ஏழு வயது. "சரி, சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டு விளையாட ஓடினேன். இருட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அடி விழும் என்று பயந்து சொல்லவில்லை. அப்புறம் சொல்லவே முடியவில்லை.

"இதை எப்போ பார்த்தே?" என்றேன்.

"வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பதினெட்டு வருஷம் ஆச்சு."

"ஏன்க்கா என்னைக் கேக்கல?"

"ஏழு வயசுப் பையன்கிட்ட என்னத்தடா கேக்கறது?" என்று பதிவேட்டை மூடி வைத்தாள். "பாப்பா ரொம்ப அழுதாளா? இரு, நானும் வரேன்."